உடைந்த ஊசிகளின் அதிகாரி

பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பிறந்த நட்சத்திரத்திலிருந்து தொடங்குவார்கள். வேலாத்தாளின் நட்சத்திரம் அவருக்கே தெரியாது. குண்டடத்துக்குத் தெற்கே, மழை வந்தால் சோளமும் வராவிட்டால் வேலிமுள்ளும் விளைகிற காட்டில் பிறந்தார். ஐந்தாம் வகுப்பு முடித்தார். பருத்தி எடுத்தார். மாரப்பனுக்கு வாழ்க்கைப்பட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறினார். இந்த ஊருக்கு வந்த லட்சக்கணக்கானவர்களின் வரலாறும் ஏறக்குறைய இதே நீளம்தான் என்பதால், அதை இங்கே நிறுத்திவிட்டு நேராக அவர் வகித்த பதவிக்கு வந்துவிடுவோம்.

பதவி சாதாரணமானதல்ல. மகுடேஸ்வரன் நடத்திய பனியன் கம்பெனியில் தொண்ணூறு தையல் மெஷின்கள் ஓடின. தொண்ணூறுக்கும் ஊசி இருந்த அலமாரிச் சாவி வேலாத்தாளின் இடுப்பில் இருந்தது. ஒரு மெஷினில் ஊசி உடைந்தால், டெய்லர் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு அவரிடம் வர வேண்டும். அவர் துண்டுகளைச் சேர்த்து வைத்து, முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, ரெஜிஸ்டரில் செலோடேப் போட்டு ஒட்டி, நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் புது ஊசி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உடைந்த முனை துணிக்குள் தங்கி, கடல் கடந்து போய், யாரோ ஒரு குழந்தையின் முதுகில் ஏறும். முனை கிடைக்காத அன்று தைத்த துணி எதுவும் கம்பெனியை விட்டு வெளியே போகக் கூடாது என்றும் சட்டம் இருந்தது. இதையெல்லாம் தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் படிப்பதற்காக மாட்டியது. அவர்கள் வராத நாட்களில் அதைப் படிப்பது மரியாதையில்லை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

நடைமுறை வேறு. உடைந்த முனை தெறித்து எங்கே போனது என்று தேடினால் அரை மணி நேரம் போய்விடும். பீஸ் ரேட்டில் தைக்கிறவனுக்கு அரை மணி என்பது அரை நாள் மாதிரி. இதைக் கண்டு மனம் இளகிய வேலாத்தாள், பதவியேற்ற முதல் வருடமே ஒரு தர்ம காரியத்தைத் தொடங்கினார். தரை கூட்டும்போது கிடைக்கிற முனைகளை ஒரு பொடி டப்பாவில் சேர்த்துவைத்தார். முனையில்லாமல் தலையைச் சொறிந்துகொண்டு வருகிற டெய்லருக்கு டப்பாவிலிருந்து ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தார். வாங்கியவர்கள் பிற்பாடு தரையில் முனை கண்டால் மறக்காமல் கொண்டுவந்து டப்பாவில் போட்டார்கள். இப்படியாகப் பதினோரு வருடத்தில் அந்தக் கம்பெனி ரெஜிஸ்டரில் முழுமையடையாத ஊசி ஒன்றுகூடக் கிடையாது. மூன்று நாட்டு ஆடிட்டர்கள் வியந்து சர்டிபிகேட் கொடுத்தார்கள். மகுடேஸ்வரன் அவற்றை வரவேற்பறையில் குலதெய்வப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

2006-இல் ஒரு விநோதமான ஆர்டர் வந்தது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாக வெள்ளை உடுப்பு. தலைக்கு முக்காடு. கை நுனியில் கட்டைவிரல் நுழைய ஒரு துவாரம். மொத்தம் 2400 பீஸ். சாம்பிளைத் தூக்கிப் பார்த்த மகுடேஸ்வரன், “ஏம்ப்பா பிரதீப்பு, இது பேய்க்குப் போடற டிரெஸ்ஸா?” என்றார்.

பிரதீப் என்பவர் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிற பையர் இங்கிலீஷில் கோபப்படுவதை முதலாளிக்குத் தமிழில் மரியாதையாகச் சொல்வதும், முதலாளி தமிழில் கோபப்படுவதைப் பையருக்கு இங்கிலீஷில் மரியாதையாகச் சொல்வதும் அவர் தொழில்.

“வெளிநாட்டுல அணுமின் நிலையம் ஒண்ணு கெட்டுப்போச்சுங்களாம். அதைக் கிளீன் பண்ற ஆளுங்க உள்ளாற போடறதுங்க. இதுக்கு மேல பிளாஸ்டிக் சூட்டு, ரப்பர் கிளவுசு எல்லாம் போடுவாங்களாம்.”

“எப்பக் கெட்டுச்சு?”

“அது ஆச்சுங்க ரொம்ப வருசம். இன்னும் கழுவிட்டிருக்காங்க. முடிய இன்னும் முப்பது வருசம் ஆகுமுங்களாம்.”

மகுடேஸ்வரன் ஒரு கணம் கண்ணை மூடி அந்த நாட்டு மக்களுக்காக வருந்தினார். பிறகு கண்ணைத் திறந்து, “அப்ப ரிப்பீட் ஆர்டர் வருமே?” என்றார்.

பையரின் ஆள் நேரில் வந்தார். ஐம்பது வயது வெள்ளைக்காரர். அந்த நிலையத்துக்குள் தானே பல வருடம் போய்வந்து சுத்தம் செய்தவர். ஊசிக்குப் பொறுப்பான ஒரே ஆள் யாரோ அவரைப் பார்க்க வேண்டும் என்றார். ஒவ்வொரு உடைந்த ஊசிக்கும் அந்த ஒரே ஆள் கையெழுத்துப் போட வேண்டும். ரெஜிஸ்டரின் நகல் சரக்கோடு வர வேண்டும். வேலாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஏசி அறைக்குள் போனார். கம்பெனியில் சேர்ந்து அதுதான் முதல் தடவை.

வெள்ளைக்காரர் சொல்லச் சொல்லப் பிரதீப் தமிழாக்கினார். அங்கே சில அறைகளில் ஒரு ஆள் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாதாம். வெளியில் ஒருவன் கடிகாரத்தோடு நிற்பானாம். மணி அடித்தால் கையிலுள்ளதைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டுமாம். முகமூடிக்குள் வேர்வை கண்ணில் இறங்கினாலும் துடைக்க முடியாது. அரித்தாலும் சொறிய முடியாது. தரையிலும் சுவரிலும் படிந்திருக்கிற தூசிக்கு நிறமில்லை, மணமில்லை.

“நம்ம பஞ்சுத் தூசி மாதிரிங்களா?” என்று மகுடேஸ்வரன் கேட்டார்.

“அதைவிட மோசமுங்களாம்.”

“நாங்க நாப்பது வருசமாத் தூசியத் திங்கறோம், ஒண்ணும் ஆகலையின்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு மகுடேஸ்வரன் இரண்டு நிமிடம் இருமினார்.

வேலாத்தாள் வாயைத் திறந்தார். “ஏனுங்க, ஊசி முனை அந்தத் துணிக்குள்ள இருந்துட்டா என்னுங்க ஆகும்?”

வெள்ளைக்காரர் அவரை நேராகப் பார்த்துப் பதில் சொன்னார். முனை உள்ளேயிருந்து ரப்பர் கையுறையைக் குத்தும். கையும் குத்துப்படும். ஓட்டை வழியாகத் தூசி உள்ளே வரும். தோலுக்கு மேலே படிந்தால் கழுவிவிடலாம். புண்ணுக்குள் இறங்கினால் கழுவ முடியாது. அந்த இடத்துச் சதையை வெட்டி எடுப்பார்கள். எடுத்த பிறகும் எவ்வளவு உள்ளே போய்விட்டது என்று ஆயுசு முழுக்க எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

பிரதீப் “வெட்டி எடுப்பாங்களாம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். வெள்ளைக்காரர் தன் கட்டைவிரலின் அடியைத் தொட்டுக் காட்டினார். மிச்சத்தை வேலாத்தாள் புரிந்துகொண்டார்.

அவருக்குப் புரிந்ததற்குக் காரணம் வீட்டில் இருந்தது. மாரப்பன் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். மூன்று வருடத்துக்கு முன் கழிவுத் தொட்டியின் அடியில் தங்கிய சேற்றை அள்ள அவரை இறக்கினார்கள். சும்மா இறக்கவில்லை, பாதுகாப்பாக, ரப்பர் கையுறை மாட்டித்தான் இறக்கினார்கள். வலது கையுறையில் குண்டூசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. சாயங்காலம் கை வெந்துபோய் வந்தது. இன்றைக்கும் மூன்று விரல் மடங்காது. அந்தச் சாயப்பட்டறை ரொம்ப நேர்மையானது. மிச்சமிருந்த இன்னொரு கையுறையை வீட்டுக்கே கொடுத்தனுப்பியது.

வெள்ளைக்காரர் போகும்போது ஒரு தகவல் சொன்னார். இந்த உடுப்பை ஒரு தடவைதான் போடுவார்கள். கழற்றியதும் டிரம்மில் அடைத்துப் புதைத்துவிடுவார்கள்.

கார் கேட்டைத் தாண்டியதும் மகுடேஸ்வரன் மலர்ந்துபோனார். முப்பது வருட ஏற்றுமதி வாழ்க்கையில் அவருக்கு இப்படியொரு பாக்கியம் கிடைத்ததில்லை. துவைத்தபின் சுருங்கிவிட்டது, சாயம் போகிறது, தையல் பிரிகிறது என்று எந்தக் கடுதாசியும் வராத ஒரே ஆர்டர்.

“பொதைக்கற துணிக்கு என்னத்துக்குப்பா குவாலிட்டி? சும்மா அடிச்சுத் தள்ளுங்க” என்றார்.

வேலாத்தாள் வாசலில் நின்றிருந்தார். “துணியத்தானுங்க பொதைக்கறாங்க. ஆளைப் பொதைக்கறதில்லீங்களே.”

“நீ போய் ஊசியப் பாராத்தா.”

அவர் போய் ஊசியைத்தான் பார்த்தார். அன்றே பொடி டப்பாவைத் திறந்து, பதினோரு வருடத்துத் தர்மத்தை ஒரு பழைய எண்ணெய் டின்னில் கவிழ்த்து, டின்னைப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். இனிமேல் சொந்த முனையோடு வந்தால்தான் சொந்த ஊசி. டெய்லர்கள் திகைத்தார்கள். மானியத்தை நிறுத்திய அரசாங்கத்தைத் திட்டுவதுபோல் திட்டினார்கள். “அக்கா ஏசி ரூமுக்குப் போய்ட்டு வந்துச்சு, காத்து வேற மாதிரி அடிக்குது” என்றார்கள். ஆனாலும் தரையில் முட்டிபோட்டுத் தேடக் கற்றுக்கொண்டார்கள். மூன்று வாரம் எல்லா முனையும் கிடைத்தது. தேடினால் கிடைக்கும் என்பது அந்தக் கம்பெனியில் அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டது.

லாரி கிளம்ப வேண்டியதற்கு முதல் நாள், காலையில், சுடலைமுத்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இந்த உடுப்பின் கைநுனியை ஓவர்லாக் மெஷினில் அடித்தவர் அவர்தான். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு துண்டுகளை மேசையில் போட்டார்.

வேலாத்தாள் சேர்த்து வைத்தார். சேர்ந்தது. மறுபடி பார்த்தார். முனையைத் தனியே எடுத்து விரலில் உருட்டினார்.

“ஏஞ்சாமி, உன்ற மெசின்ல பதினொண்ணாம் நம்பர் ஊசிதான?”

“ஆமாக்கா.”

“இது பதினாலு, தடி ஊசி. இன்னொருத்தன் மூக்கைக் கொண்டாந்து இந்த மூஞ்சியில ஒட்டறயா?”

சுடலைமுத்து அந்த முனையைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“எப்ப ஒடஞ்சுது?”

“முந்தாநேத்துக்கா. சாயந்தரம்.” குரல் இறங்கிவிட்டது. “தேடத்தான் செஞ்சேன். கெடைக்கல. கடைசி பண்டில், லேட்டாயிட்டுன்னு சூப்பர்வைசர் சத்தம் போட்டாரு. எங்கிட்ட பழைய ஊசி ஒண்ணு கெடந்துச்சு, அத மாட்டித் தச்சுட்டேன். மனசு கேக்கல, அதான் இன்னைக்கு வந்தேன்.”

“அந்த பண்டிலு எங்க?”

“அயர்ன் பண்ணி பேக் ஆயிட்டுக்கா. பண்டில் சீட்டெல்லாம் கிழிச்சுப் போட்டாச்சு. எந்தப் பெட்டியில கெடக்குன்னு யாருக்குத் தெரியும்?”

நூறு அட்டைப் பெட்டிகள். பெட்டிக்கு இருபத்துநான்கு. டேப் ஒட்டி, பட்டை கட்டி, முகவரி அச்சடித்துச் சுவரோரம் உச்சிவரை அடுக்கியிருந்தார்கள். அதில் ஏதோ ஒரு கைநுனியில் அரை சென்டிமீட்டர் இரும்பு.

வேலாத்தாள் ரெஜிஸ்டரைத் திறந்து, உடைந்த ஊசியின் இரண்டு துண்டுகளை ஒட்டினார். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டார். அந்த ரெஜிஸ்டரின் முதல் காலியிடம் அது. பிறகு எழுந்து போய், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுத்துக் கூட்டிப் படித்தார். பதினோரு வருடத்தில் ஆடிட்டர் அல்லாத ஒருவர் அதைப் படித்தது அன்றுதான்.

சேதி ஏசி அறைக்குப் போனது. பிரதீப் ஓடிவந்தார்.

“அக்கா, இன்ஸ்பெக்சன் முடிஞ்சிருச்சு. ஒரு முனையப் போட்டு ஒட்டீருங்க, ப்ளீஸ்.”

“ஊசி கண்டுபுடிக்கற மெசினு இருந்துச்சே கண்ணு, வெள்ளைக்காரர் வந்தன்னிக்கு? அதுல விட்டுப் பார்த்தறலாமே.”

பிரதீப் தலையைக் குனிந்தார். அந்த மெஷின் வாடகைக்கு வந்தது. திருப்பூரில் பல கம்பெனிகளின் பாதுகாப்பு அந்த ஒரே மெஷின்தான். ஆடிட் இருக்கிற கம்பெனிக்கு டெம்போவில் ஏறிப் போகும். இப்போது அது வேறொரு இடத்தில், வேறொரு பையருக்குக் காட்சி கொடுத்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வரை ஓய்வில்லை.

“சரி, நீங்க ஒட்ட வேண்டாம். நானே ஒட்டிக் கையெழுத்தும் போட்டுக்கறேன்.”

“என்ற கையெழுத்து மாதிரி அசிங்கமா உன்னால போட முடியாது கண்ணு. நீ படிச்ச புள்ளை.”

மகுடேஸ்வரன் தானே இறங்கி வந்தார். கம்பெனியின் எல்லா மெஷின்களும் ஓட, அவற்றுக்கு நடுவே ஒரு மேசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த பெண்மணியைப் பார்த்தார்.

“என்ன வேலாத்தா, புதுசா அணு விஞ்ஞானி ஆயிட்டயா?”

“பெட்டியப் பிரிச்சுத் தேடோணுமுங்க.”

“நாளைக்குப் பொழுதோட லாரி. தூத்துக்குடியில கப்பல் எனக்காவ நிக்குமா? 2400-ல ஒண்ணு. அதுவும் முனை துணியிலதான் இருக்குதுன்னு என்ன நிச்சயம்? தரையில கெடந்து கூட்டிப் போயிருக்கும்.”

“இருக்குமுங்க. இல்லாமயும் இருக்குமுங்க. போட்டுப் பார்க்கறது நீங்களும் நானும் இல்லீங்களே.”

“அவங்களுக்கு மேல மூணு கிளவுசு இருக்குது!”

“என்ற ஊட்டுக்காரருக்கும் கிளவுசு இருந்துச்சுங்க.”

மகுடேஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், மாரப்பனின் கையைப் பார்த்துப் பலமுறை இரக்கப்பட்டிருக்கிறார். இரக்கத்துக்கு லாரி நேரம் கிடையாது என்பதுதான் அதன் சௌகரியம்.

“சாவியக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போ” என்றார்.

“முனை கெடைச்சா சாவி.”

சாவி இடுப்பில், இடுப்புக்கு மேல் முந்தானை, முந்தானைக்கு மேல் இரண்டு கை. திருப்பூரின் எந்த முதலாளியும் அதற்கு மேல் போய் எடுக்க முடியாது. அலமாரியை உடைக்கலாம். உடைத்தால், ஊசிக்குப் பொறுப்பான ஒரே ஆள் என்று வெள்ளைக்காரருக்கு எழுதிக் கொடுத்த கையெழுத்தை எங்கே போய் உடைத்து எடுப்பது?

அதன் பிறகு நடந்ததற்கு எந்தத் தலைவரும் அழைப்பு விடுக்கவில்லை. ஊசிகள் தாமாகவே செய்தன. தொண்ணூறு மெஷின் ஓடினால் ஊசி உடைந்துகொண்டுதான் இருக்கும். பத்தரை மணிக்கு ஒன்று உடைந்தது. டெய்லர் மூன்று துண்டையும் கொண்டுவந்தார். புது ஊசி இல்லை. பதினொன்றுக்கு இரண்டு. டீ நேரத்துக்குள் ஒன்பது மெஷின்கள் நின்றன. நின்ற மெஷின்காரர்கள் எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். முதலாளியைத் திட்ட வந்தவர்கள் இல்லை, வேலாத்தாளைத்தான்.

“யக்கா, பீஸ் ரேட்டுக்காரன் வயித்துல அடிக்காதீங்க.”

“எவனோ வெள்ளைக்காரன் கைக்கு எங்க சோத்துல மண்ணா?”

“எத்தனை தடவை டப்பாவுல இருந்து குடுத்தீங்க? அப்பெல்லாம் குத்தலையா?”

கடைசியாகக் கேட்டது குழந்தையம்மாள், அயர்ன் மேசைக்காரர். கூட்டம் அடங்கியது. வேலாத்தாள் ரெஜிஸ்டரை மூடிவைத்தார்.

“குத்தியிருக்கும்” என்றார். “யாரையெல்லாம்னு எனக்குத் தெரியாது. அது பனியனு, ரெண்டு சொட்டு ரத்தத்தோட போயிருக்கும்னு நெனச்சுக்கறேன். தப்புத்தான் பண்ணுனேன், எல்லாத்துக்கும் சேர்த்து. இது அப்பிடியில்ல புள்ள. அங்க நிக்கறவனும் கூலிக்காரன்தான். எவனோ கெடுத்து வெச்சதை மூணு நிமிசத்துல அள்ளிப் போட்டுட்டு ஓடியாறவன். கையுறைய நம்பித்தான் உள்ள போறான்.”

யாரும் கண்கலங்கவில்லை. அது அப்படிப்பட்ட கூட்டமல்ல. “மத்தியானச் சோத்துக்கு முன்னால முடிச்சுப்போட்டம்னா சரி” என்று ஒருவர் கணக்குப் போட்டார். சுடலைமுத்து போய் முதல் பெட்டியின் பட்டையைக் கத்தியால் அறுத்தார். அந்தச் சத்தத்தில் மகுடேஸ்வரன் திரும்புவதற்குள் நாலு பெட்டிகள் பிரிந்திருந்தன. ஐந்தாவதைத் தடுக்கலாமா என்று அவர் பிரதீப்பைப் பார்த்தார். பிரதீப் ஆறாவதைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

தேடும் முறையை வேலாத்தாள் சொல்லிக்கொடுத்தார். அதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை. கைநுனியை உள்வெளியாகத் திருப்பி, தையல் மேல் வெறும் விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். யாருக்குக் குத்துகிறதோ அவர்களிடம் முனை இருக்கிறது.

“குத்துனா என்னக்கா பண்றது?” என்றாள் ஒரு பெண்.

“ஐயோன்னு கத்து. இங்கத்த ரத்தத்துக்குத் தண்ணிக் கொழாய் போதும்.”

ஓடிய மெஷின்களையும் நிறுத்திவிட்டு வந்து அறுபது பேர் உட்கார்ந்தார்கள். மேசையிலும் தரையிலும் பெட்டிகளின் மேலும் வெள்ளை உடுப்புகள் தலையும் உடம்பும் இல்லாமல் கையை நீட்டிக்கொண்டு கிடந்தன. இரண்டாவது மணி நேரத்தில் மகுடேஸ்வரனும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார். வேகமாக முடிந்தால் வேகமாகப் பெட்டி கட்டலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் அழுத்திப் பார்க்கும்போது அவர் விரல் எல்லோரையும்விட மெதுவாகத்தான் போனது.

ஒன்றே முக்காலுக்குக் குழந்தையம்மாள் ஐயோ என்றார்.

இடது கை, கட்டைவிரல் துவாரத்துக்குச் சரியாகக் கீழே, தையலின் மடிப்புக்குள். வேலாத்தாள் கொக்கியால் நெம்பி எடுத்தார். பதினொண்ணாம் நம்பர். இரண்டு துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தபோது முழு ஊசி ஆனது. ரெஜிஸ்டரில் ஒட்டினார்.

கம்பெனி முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. மகுடேஸ்வரன் எழுந்தார், அவர் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம். “கெட்டிக்காரிதான் நீ. சரி, அந்த பீஸுல ஊசி ஏறுன ஓட்டைய ரஃபு பண்ணி, அயர்ன் பண்ணிப் பெட்டியில போட்டுருங்க. எல்லாம் கட்டுங்க, சீக்கிரம்.”

ஓட்டையை இழை தெரியாமல் அடைப்பதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை. பெண்ணொருத்தி நூலைக் கையில் எடுத்தும்விட்டாள்.

வேலாத்தாள் அந்த உடுப்பை அவளிடமிருந்து வாங்கினார். மேசையில் விரித்தார். கட்டிங் கத்தரியை எடுத்து, கைநுனியிலிருந்து தோள் வரைக்கும், தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே இழுப்பாக வெட்டினார்.

“ஏய்! என்ன பண்ணீட்ட?”

“ஓட்டை உழுந்த துணிங்க. இனி யாரும் மாட்ட முடியாதுங்க.”

“ஒரு பீஸ் ஷார்ட் ஆகுதே! 2399-ன்னு பேப்பர்ல போட்டா பையர் காரணம் கேப்பான்.”

“சொல்லுங்க. முனை இருந்துச்சு, பெட்டியெல்லாம் பிரிச்சுத் தேடுனோம், கெடைச்சுது, வெட்டிப் போட்டுட்டோம்னு சொல்லுங்க.”

“அப்பிடிச் சொன்னா அடுத்த ஆர்டர் வருமா?”

“வராட்டிப் போகட்டுமுங்க. சொல்லாம விட்டா அந்த ஆளு மறுபடியும் நம்மளை நம்பிக் கையை உள்ள உடுவானே, அதுக்கு என்னுங்க பண்றது?”

பிரதீப் அதை இங்கிலீஷில் மரியாதையாக எப்படிச் சொல்வது என்று யோசித்தார். வேலாத்தாள் ரெஜிஸ்டரை இழுத்து, குறிப்பு எழுதுகிற இடத்தில், ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில், வரிக்கு வெளியே போனாலும் பரவாயில்லை என்று எழுதினார்: முந்தாநாள் ஒடஞ்ச ஊசி. இன்னிக்குக் கிடைச்சது. ஒரு உடுப்பை வெட்டியது நான். வேலாத்தாள். பக்கத்தைப் பிரதீப்பிடம் நீட்டி, நகல் எடுத்துச் சரக்கோடு அனுப்பச் சொன்னார். மகுடேஸ்வரன் அதைப் படித்தார். கிழிப்பாரோ என்று எல்லோரும் பார்த்தார்கள். லாரிக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. நூறு பெட்டி கட்ட வேண்டியிருந்தது. கட்ட வேண்டிய அறுபது பேரும் வேலாத்தாளின் பக்கம் நின்றிருந்தார்கள். அவர் பக்கத்தைப் பிரதீப்பிடம் கொடுத்துவிட்டு ஏசி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலாத்தாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார்.

“ஊசி வேணுங்கறவங்க வாங்க. வரிசையா. மூணு துண்டும் கையில இருக்கோணும்.”